ஊற்றுநீர் சுமந்த வெள்ளச்சியார்

ஆறு வற்றிய கோடையிலும் மணற்பள்ளி ஈசனுக்கு நீராட்டு ஒருநாளும் தவறியதில்லை. அந்தப் பெருமை வெள்ளச்சியாருக்கே உரியது. விடியலில் ஆற்று மணலைக் கையால் பறித்து ஊற்றுத் தோண்டுவார்; ஊறும் கலங்கலை இறைத்துக் கொட்டிவிட்டுத் தெளிந்த நீரைக் கொட்டாங்கச்சியால் முகந்து குடம் நிரப்பிக் கோயில் வாசலில் இறக்குவார். அதற்குமேல் அவரை உள்ளே விட்டதில்லை. பிள்ளை பெறாதவள் சுமந்த தண்ணீர் என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. சுளித்துவிட்டுப் போகட்டும், அம்மையார் இருபது ஆண்டுகள் சுமந்தார்.

ஒருநாள் குடத்தோடு வரும் வழியில் நாட்டாண்மை வீட்டில் பச்சைக் குழந்தை முனகுவது கேட்டது. அழத் தெம்பில்லாத முனகல். அம்மையார் குடத்தோடு உள்ளே நுழைந்தார். மருமகள் தையல்நாயகி பெற்று ஆறு நாளாயிற்று. பால் போதவில்லை என்று மாமியார் அழகம்மை பிள்ளையை விலக்கி வைத்து, சங்கில் சர்க்கரைத் தண்ணீர் புகட்டிவந்தார். பத்தியம் என்று பெற்றவளுக்கும் நாளெல்லாம் இரண்டு மிடறு நீர்தான்.

"மார்ல நல்லாச் சேரட்டும், அப்பறம் குடுக்கலாம்" என்றார் அழகம்மை.

"சேத்து வெச்சா வராது ஆத்தா" என்றார் வெள்ளச்சியார். "எடுக்க எடுக்கத்தான் ஊறும். ஒரு நாள் எடுக்காம வுட்டா என் ஊத்தே தூந்துபோவும்."

"பெத்துப் பாத்தவளாட்டம் பேசுறியே."

"பெறலதான் ஆத்தா. ஊத்துப் பறிச்சிருக்கேன்."

குடத்து நீர் ஈசனுக்கு உரியது. அதை இங்கே சாய்த்தால் நீராட்டு நிற்கும், பணியும் பறிபோகும். அம்மையார் கோபுரத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு தையல்நாயகிக்குக் குடத்தைச் சாய்த்து, "குடி தாயி" என்றார். பிள்ளையை எடுத்துத் தாயின் மார்பில் சேர்த்தார். முனகும்போதெல்லாம் பக்கம் மாற்றி மாற்றிச் சேர்த்தார். பொழுது சாய்கையில் பிள்ளை மடக்மடக்கென்று விழுங்கும் ஓசை கேட்டது. அழகம்மை சங்கைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தாமே மருமகளுக்குக் கஞ்சி கொண்டுவந்தார்.

வெறுங்குடத்தோடு கோயிலுக்கு வந்தவரைக் குருக்கள் வாசலில் மறித்தார். "தீர்த்தம் எங்கே? சுவாமி இன்னிக்கு நனையவே இல்லை. இனிமே நீ வரவேண்டாம்."

அம்மையார் தலை குனிந்து நின்றார். சினத்தோடு கருவறைக் கதவைத் திறந்த குருக்கள் அப்படியே நின்றுவிட்டார். ஈசன் திருமேனி முழுக்க நீர் வழிந்தது. அடியில் ஈர ஆற்றுமணல் ஒட்டியிருந்தது.

"பிள்ளை வாய் நனைந்தபோதே நாம் நீராடினோம். அவளை உள்ளே அழை" என்றொரு குரல் எழுந்தது.

குருக்கள் வெறுங்குடத்தைத் தம் கையில் வாங்கிக்கொண்டு முன்னே நடக்க, வெள்ளச்சியார் இருபது ஆண்டுகளில் முதன்முறையாக வாசற்படி தாண்டினார். ஊர் வறண்டதென்று கைவிட்ட இடத்தில் ஊற்று உண்டென்று அறிந்தது அவர் கை. மணலேறிய அந்தக் கைகளை நாமும் வணங்குவோம்.