செல்லுக்கு இரண்டு சொட்டு

பூங்குறிச்சி அறிவியல் கல்லூரியின் உயிரியல் துறையில் மூன்று உதவியாளர்கள் இருந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே மூளை, அதையும் முறை வைத்துத்தான் எடுத்துப்போவார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அது பொறாமைப் பேச்சு. அவர்கள் அதை எடுத்துப்போய் யாரும் பார்த்ததில்லை.

மூத்தவர் வைரப்பன். இருபத்திரண்டு வருஷமாகக் குப்பி கழுவுகிறார். பேராசிரியை கமருன்னிசா வாயைத் திறந்தால் ‘செல், செல்’ என்பதைக் கேட்டுக் கேட்டு, இவ்வளவு படித்த அம்மா இப்படிப் போன் பைத்தியமாக இருக்கிறார்களே என்று மனசுக்குள் வருந்துவார். அடுத்தவர் சூசைமாணிக்கம், ஜீன்ஸ் போட்டு பைக்கில் வருகிறவர். மூன்றாவது தங்கப்பழம். சொன்னதைத் தட்டமாட்டார்; புரிந்துகொள்ளவும் மாட்டார்.

துறையில் ஆசிரியர் என்று இருந்தது கமருன்னிசா ஒருவர்தான். மற்ற மூன்று நாற்காலிகளும் ஏழு வருஷமாகக் காலி. ஆனால் பெயர்ப்பலகைகளைத் தவறாமல் துடைத்துவைப்பார்கள்.

அந்த வருஷம் ஆய்வுக்குழு வருவதாகக் கடிதம் வந்தது. ஜீன் இயங்குவதைக் கண்ணெதிரே காட்டாவிட்டால் துறையை இழுத்து மூடிவிடுவார்களாம். கருத்தரங்குக்குப் போயிருந்த கமருன்னிசா அடித்துப்பிடித்து ரயிலேறினார். தண்டவாளத்தில் வெள்ளம் வந்து ரயில் நடுவழியில் நின்றுவிட்டது. விடிந்தால் ஆய்வு. வைரப்பனைப் போனில் பிடித்தார்.

“வைரப்பன், கதகதப்புப் பெட்டியில செல் இருக்கு. குளிர்பெட்டியில நீலமூடிக் குப்பியில புரதம். காலையில செல் மேல ரெண்டே சொட்டு விடுங்க. சிக்னல் உள்ள போய் ஜீன் ஆன் ஆகும். பச்சையா ஒளிரும். அவ்வளவுதான்.”

காலையில் மூவரும் கதகதப்புப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே ஒரு கண்ணாடித் தட்டு. தட்டில் இளஞ்சிவப்பாகக் கொஞ்சம் தண்ணீர்.

“செல்லைக் காணோமே!” என்றார் தங்கப்பழம்.

“எவனோ திருடிட்டான். திருடினதுமில்லாம ரோஸ்மில்க் குடிச்சு மிச்சம் வேற வெச்சிருக்கான்” என்றார் வைரப்பன். மேடம் மூன்று மாதம் கண்ணுக்குக் கண்ணாக வளர்த்த செல்களைத் தொட்டியில் கொட்டி, தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் கவிழ்த்தார். கழுவுவதில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

மேடம் மானம் போய்விடக் கூடாதே என்று சூசைமாணிக்கம் தன் செல்லைப் பெட்டிக்குள் வைத்து, அதன் காதுத் துளையில் இரண்டு சொட்டு விட்டார். செல் ஒருமுறை உறுமிவிட்டு அடங்கியது.

அந்த நேரம் பார்த்துக் கமருன்னிசா மறுபடி வைரப்பனைக் கூப்பிட்டார். “செல்லெல்லாம் உயிரோட இருக்கா?”

“சொட்டு விடற வரைக்கும் இருந்துச்சு மேடம். இப்ப சிக்னலே இல்ல.”

“அவசரப்படாதீங்க. புரதம் செல்லுக்குள்ள போகாது, வாசல்லயே நிக்கும். வாசல்ல ஒரு ஆள் இருக்கான்னு வெச்சுக்குங்க. அவன் சேதியை வாங்கி உள்ள இருக்கறவன்கிட்ட கொடுப்பான். அவன் கடைசி ஆள்கிட்ட. கடைசி ஆள் நடு அறைக்குள்ள போய் ஜீன் மேல உட்காருவான். உட்கார்ந்ததும் ஜீன் ஆன்! கொஞ்சம் பொறுத்தா...” லைன் அறுந்துவிட்டது.

வைரப்பனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. “வாசல், உள்ள, நடு அறை. மூணு ஆள். நாமளும் மூணு பேர். படிச்சவங்க படிச்சவங்கதான்யா!”

“ஜீனுக்கு எங்க போறது?” என்றார் தங்கப்பழம்.

இருவரும் சூசைமாணிக்கத்தின் இடுப்புக்குக் கீழே பார்த்தார்கள்.

“இது ஜீன்ஸ் அண்ணே. மேடம் கேட்டது ஜீன்.”

வைரப்பன் நெடுநேரம் யோசித்தார். “ரெண்டு கால் இருந்தா ஜீன்ஸ். ஒரு கால்னா ஜீன்.”

அதற்குமேல் விவாதத்துக்கு இடமில்லை. கத்திரிக்கோல் வந்தது. ஒரு கால் போனது. சூசைமாணிக்கம் வெள்ளைக் கோட்டுக்கு எல்லாப் பொத்தானையும் போட்டுக்கொண்டு, கெண்டைக்கால் தெரிய வாசலில் நின்றார். நடு அறையில், ஆய்வுக்காக அன்று காலைதான் பச்சைப் பெயின்ட் அடித்திருந்த ஸ்டூலில் ஜீனை விரித்தார்கள். தங்கப்பழம் பக்கத்தில் தயாராக நின்றார்.

பத்து மணிக்கு மூன்று பேர் கொண்ட குழு வந்தது. தலைவர் முனைவர் அரங்கண்ணல். நுண்ணோக்கியை அவர் கடைசியாகத் தொட்டது மேஜையைக் காலி பண்ணும்போது.

சூசைமாணிக்கம் கையை நீட்டி மறித்தார். “உள்ள வரக்கூடாதுங்க ஐயா. நீங்கதான் புரதம். சேதியை மட்டும் சொல்லுங்க.”

தன்னைப் புரதம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை என்பதால் தலைவருக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. “என்ன சேதி சொல்றது? காபி உண்டா?”

“காபி உண்டா?” என்று சூசைமாணிக்கம் வைரப்பனின் காதில் சொன்னார். வைரப்பன் வாயைப் பொத்திக்கொண்டார். இருபத்திரண்டு வருஷச் சோறு இந்தச் சேதியில் தொங்குகிறது. சிந்தாமல் சிதறாமல் கொண்டுபோய்த் தங்கப்பழத்திடம் சேர்த்தார். தங்கப்பழம் கண்ணை மூடி, குலசாமியைக் கும்பிட்டு, தொப்பென்று உட்கார்ந்தார்.

எழுந்தபோது, ஈரப் பெயின்ட் ஊறிய ஜீனும் கூடவே ஒட்டிக்கொண்டு எழுந்தது. துணியெங்கும் திட்டுத்திட்டாகப் பச்சை.

“ஆன் ஆயிடுச்சு!” என்று அலறிய வைரப்பனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. தங்கப்பழத்தைத் தோளைப் பிடித்துத் திருப்பி, பின்னோக்கி நடக்கவைத்தே வாசலுக்குக் கொண்டுபோனார்.

குழுவில் இளையவர் தயங்கினார். “ஐயா, இது பேன்ட் மாதிரி...”

“புத்தகத்துல படத்தைச் சின்னதாப் போட்டிருப்பான். நேர்ல பார்த்தா அப்படித்தான் தோணும்” என்றார் தலைவர். குனிந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, நன்றாகப் பார்த்தார். இளையவருக்குப் பதவி உயர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அவரும் குனிந்து பார்த்தார், அவருக்கும் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து வந்துசேர்ந்த கமருன்னிசா, பளபளவென்று கழுவிவைத்த காலித் தட்டைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். அந்நேரம் குழுவின் அறிக்கை வந்தது. வைரப்பன் அதை நீட்ட, அவர் சத்தமாகப் படித்தார்:

“ஜீன் இயங்குவதை நேரில் கண்டோம். பச்சை மிகத் தெளிவு. துறை தொடரலாம். ஆனால் ஜீனுக்கு ஒரு கால் மட்டுமே உள்ளது. அடுத்த ஆய்வுக்குள் இன்னொரு காலையும் வளர்த்துக் காட்ட வேண்டும்.”

வைரப்பன் கவலையோடு தலையைச் சொறிந்தார். “எந்தக் கால்னு போடலையே மேடம். இடதா, வலதா?”