துடித்த நூல்

ஒரு காலத்திலே, ஊரென்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு வைத்தியனும் இருந்த காலத்திலே, திருமேனி என்று ஒருத்தன் இருந்தான்.

அப்போதெல்லாம் பெரிய வீட்டுப் பெண்கள் அந்நிய ஆணிடம் கையைக் காட்ட மாட்டார்கள். மணிக்கட்டில் நூலைக் கட்டி, மறுமுனையைத் திரைக்கு வெளியே விடுவார்கள். திருமேனி அந்த நூலைப் பிடித்தே நாடி சொல்லிவிடுவான். அதில் அவனுக்கு ஏகப்பட்ட பேர்.

ஒரு நாள் குழந்தையம்மை என்கிறவளுக்குக் காய்ச்சல். நூலைப் பிடித்தான். "நாடி நல்லா ஓடுது. கஞ்சி குடுங்க" என்று எழுந்து போய்விட்டான். அவள் மணிக்கட்டிலிருந்து அவிழ்ந்த நூலை, அவன் வருவதற்கு முன்பே யாரோ கட்டில் காலில் முடிந்து வைத்திருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் அவள் போய்ச் சேர்ந்தாள்.

குரு அம்பலவாணர் அவனுடைய மருந்துப் பையை வாங்கி வைத்துக்கொண்டார்.

"இனி யார் கையையும் தொடாதே."

காதோரம் நரைத்த பிறகு திருமேனி திரும்பி வந்து நின்றான்.

"மறுபடி வைத்தியம் பார்க்கலாமா ஐயா?"

"நீ என்ன நினைக்கிறே?"

"தெரியலை ஐயா."

"அடேயப்பா! உனக்குத் தெரியாதது கூட இருக்கா?"

அவர் உள்ளறையைக் காட்டினார். திரைக்கு அடியில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது.

"பார்த்துச் சொல்லு."

எடுத்தான். நூல் துடித்தது. நிதானமான, நல்ல நாடி. அவன் தன் விரலையே பார்த்தான்.

"இது என் விரல் துடிக்கிறது ஐயா. அன்னைக்கும் இதைத்தான் அவ நாடின்னு சொல்லியிருக்கேன்."

"அப்படியா? கீழே வை."

வைத்தான். தரையில் கிடந்த நூல் துடித்துக்கொண்டே இருந்தது.

திருமேனிக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடவில்லை. திரையை விலக்கி உள்ளே போனான்.

கட்டிலில் பாய் விரித்திருந்தது. ஆள் இல்லை. நூல் கட்டில் காலில் முடிந்திருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்தான். பெண்ணுக்கு இடது கையில்தான் நாடி பார்ப்பது. இடது கை இருக்கவேண்டிய இடத்தில் விரல்களை வைத்தான். ஜில்லென்று இருந்தது.

"என்னம்மா செய்யுது?"

அன்றைக்கு இதை அவன் கேட்கவில்லை.

பாய் லேசாகச் சரசரத்தது. நூல் நின்றுவிட்டது.

எழுந்து வெளியே வந்தான்.

"நாடி இல்லை ஐயா. நான் ரொம்பத் தாமதமா வந்துட்டேன்."

குரு மருந்துப் பையை எடுத்து நீட்டினார்.

"உள்ளே யாரைப் படுக்க வச்சீங்க?"

"நான் யாரையும் வைக்கலையே. நீ வரும்போது கூட வந்தவதான். போகும்போது விட்டுட்டுப் போயிடாதே."

திருமேனி பையைத் தோளில் மாட்டினான். வாசற்படியில் ஒதுங்கி நின்று, யாருக்கோ வழிவிட்டான். அப்புறம் இறங்கி நடந்தான்.