கப்பலைப் பொறுக்காத கடா

நாணல்காட்டு ஆற்றில் கொம்பன் என்றொரு எருமைக்கடா இருந்தது. அக்கரைக்குப் போக முயல், குரங்கு, கீரி எல்லாம் அதன் முதுகில்தான் ஏறும். "கொம்பண்ணே! கொம்பண்ணே!" என்று அவை கெஞ்சினால் போதும், அதற்கு உச்சி குளிர்ந்துவிடும்.

ஒரு நாள் புகை கக்கிக்கொண்டு ஒரு நீராவிக் கப்பல் வந்தது. இரண்டு பக்கமும் ஆள் உயரச் சக்கரம், அதில் வரிசையாகப் பலகைகள். பலகைகள் தண்ணீரைத் தள்ளத் தள்ளக் கப்பல் நகர்ந்தது. விறகு ஏற்ற இரண்டு கரையிலும் அது நின்றது. அவ்வளவுதான்! குரங்குகள் கூரையில் தொற்றிக்கொண்டன. முயல் விறகுக்குள் ஒளிந்துகொண்டது.

"கப்பல்ல போனா வால்கூட நனையலண்ணே!" என்றது செவலைக் குரங்கு.

கொம்பனுக்கு வயிறு எரிந்தது. புல்லே இறங்கவில்லை. "நேத்து வந்த மரக்கட்டைக்கு இவ்வளவு மவுசா? என்னை ஒருத்தனும் கூப்பிடலையே!" என்று பொருமியது.

ஆழமான வழி தெரிவதற்காக மாலுமிகள் ஆற்றில் மூங்கில் கழிகள் நட்டிருந்தார்கள். கழியை ஒட்டியே கப்பல் போகும். கொம்பன் ஒரு கழியைப் பிடுங்கிக் கவ்விக்கொண்டு போய் மணல்மேட்டில் ஊன்றியது.

கீரி பார்த்துவிட்டது. "எதுக்குண்ணே இந்த வேண்டாத வேலை?"

"போடா! அது தரை தட்டட்டும். அப்புறம் என் முதுகுதானே உங்களுக்குக் கதி!"

மறுநாள் கப்பல் கழியை நம்பி வந்து மேட்டில் ஏறி நின்றது. சக்கரம் சுற்றிச் சுற்றிச் சேற்றை வாரி இறைத்தது. கரையில் நின்று கொம்பன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! பின்னால் ஆள் வந்ததுகூட அதற்குத் தெரியவில்லை. கழுத்தில் கயிறு விழுந்துவிட்டது.

"நல்ல கடாடா! கட்டி இழுங்க!" என்று கத்தினார் கப்பல் தலைவர்.

நாக்குத் தள்ளத் தள்ளக் கொம்பன் இழுத்தது. கப்பல் ஆழத்தில் இறங்கியது. "இன்னும் எத்தனை மேடு இருக்கோ! இவனும் நம்மோட வரட்டும்" என்று சொல்லி, கொம்பனைக் கப்பலில் ஏற்றித் தூணில் கட்டிவிட்டார் தலைவர்.

கூரையிலிருந்து செவலை எட்டிப் பார்த்தது. "அட, கொம்பண்ணே! நீயும் கப்பல்லதான் வர்றியா!"

கொம்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பலகை உளுத்து அந்தக் கப்பல் ஓட்டத்தை நிறுத்த ஒன்பது வருஷம் ஆயிற்று. அதுவரை தரை தட்டிய இடத்திலெல்லாம் அதை இழுத்துவிட்டது கொம்பன்தான்.

அடுத்தவன் முன்னேறுவதைப் பொறுக்காமல் வழி மறிப்பவன், கடைசியில் அவன் பாரத்தையே இழுத்துத் திரிய நேரும்.