மேலிருந்து ஒரு சொட்டு

ஒரு காலத்தில் குன்னூரில், ஒரு மாடி வீட்டு ஜன்னலோரம், குட்டி ரக அழுகண்ணிச் செடி ஒன்று இருந்தது. சட்டைப் பொத்தான் அகலம்தான். அதற்கு மேல் வளராது. ஆனால் உடம்பைச் சுற்றிச் சிவப்புக் கைகள், கைக்குக் கை பசைத்துளிகள். தொட்ட பூச்சி வீடு திரும்பாது.

குளிர் தொடங்கியதும் அதன் உச்சந்தலையில் பச்சையாகப் பிள்ளைகள் கிளம்பின. ஒவ்வொன்றும் கடுகில் பாதி. விதை அல்ல, ஆனால் கழன்று மண்ணில் விழுந்தால் தனிச்செடி ஆகிவிடும். நடுவில் இருந்தவன் பெயர் துணுக்கு. அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கழல வேண்டுமென்றால் மேலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வந்து மண்டையில் அறைய வேண்டும். அறைந்தால் தெறித்துப் போகலாம். குளிர் முடிவதற்குள் போகாவிட்டால் உட்கார்ந்த இடத்திலேயே வேர் விட்டுவிடும். தாய் தலையில் வேர் விட்டவன் எவனும் பிழைத்ததில்லை.

சொட்டோ வருகிற வழியைக் காணோம். செடியை வளர்த்த மெர்லின் அவ்வளவு கவனம். தட்டில் மழைத்தண்ணீர் ஊற்றி, அதில் தொட்டியை வைத்து, கீழிருந்தே குடிக்க விடுவாள். மேலே கண்ணாடி மூடி வேறு.

"மேல ஒரு சொட்டு விழக்கூடாதுங்க. பசையைக் கழுவிட்டுப் போயிரும்," என்றாள் கணவனிடம்.

"என் ரசத்துக்கு இந்தக் கவனிப்பு இருந்தா நான் ஏன் கேன்டீன்ல சாப்பிடுறேன்?" என்றான் அவன்.

துணுக்கு மூடியைத் திட்டாத நாள் இல்லை. வெளியே காற்று, எறும்பு, எல்லாவற்றையும் தடுத்து நிற்பது தான்தான் என்று மூடி பெருமையாகச் சொல்லும். நன்றி கெட்டவன் என்றும் சொல்லும்.

அந்தத் தொட்டி மண்ணிலேயே பிறந்த ஒரு குட்டி ஈ, செடியின் கையில் ஒட்டிக்கொண்டு பாதி உயிரோடு கிடந்தது. அது சிரித்தது.

"தம்பி, மூடியை ஏன் திட்டுற? உங்கம்மாவைப் பாரு. ஒட்டுனதை விட்டிருக்காளா? நான் சும்மா காலை வச்சேன். அவ்வளவுதான்."

துணுக்குக்குச் சுருக்கென்றது. அம்மாவிடம் நேராகவே கேட்டான்.

"நீயும் மூடியும் கூட்டா? என்னைப் பிடிச்சு வச்சிருக்கியா?"

அம்மா இன்னொரு கையையும் ஈயின் மேல் மடக்கினாள். ஈயைத் தின்பதில் மும்முரமாக இருந்தாள்.

குளிர் குறைந்துகொண்டே வந்தது. பின்னால் முளைத்த தம்பிகள் முட்டித் தள்ளினார்கள். துணுக்கின் அடியில் ஏதோ குறுகுறுத்தது. வேர். வெளியே வரப் பார்க்கிறது. அவன் பல்லைக் கடித்து அடக்கினான்.

ஒரு விடியலில் மூடுபனி ஜன்னலை அப்பியது. கண்ணாடி சில்லிட்டது. உள்ளே தட்டுத் தண்ணீரின் ஈரம் மேலேறி மூடியின் வயிற்றில் முத்து முத்தாக வேர்த்தது. துணுக்குக்கு நேர் மேலே ஒரு முத்து பெருத்துக்கொண்டே போனது.

"பயப்படாதே, பிடிச்சுக்கிறேன்," என்றது மூடி.

"பிடிக்காதே. விடு," என்றான் துணுக்கு.

மூடியால் முடியவில்லை. சொட்டு விழுந்தது.

பளாரென்று ஓர் அறை. துணுக்கு பறந்தான். கீழே அம்மாவின் கைகள் வரிசையாக மினுங்கின. இதில் ஒன்றில் ஒட்டப்போகிறோம், ஈ சொன்னது சரிதான் என்று கண்ணை இறுக்கிக்கொண்டான். எதுவும் ஒட்டவில்லை. கைகளைத் தாண்டி, தொட்டி ஓரத்து ஈர மணலில் போய் விழுந்தான்.

வேர் காத்திருந்த மாதிரி உடனே கீழே இறங்கியது. அப்புறம்தான் திரும்பிப் பார்த்தான்.

"ஏம்மா என்னைப் பிடிக்கல?"

"பூச்சியைப் பிடிக்கத்தான் சுத்தி இத்தனை கை," என்றாள் அம்மா. "உன்னை உட்கார வச்ச இடத்துல ஒரு பொட்டுப் பசை இருக்கா, பாரு."

முதல் முறையாகத் தள்ளி நின்று அம்மாவை முழுசாகப் பார்த்தான். உடம்பெல்லாம் பளபளத்தது. நடு உச்சி மட்டும் காய்ந்து கிடந்தது.