கூழாங்குறிச்சிக்கு டி.பி. வந்த கதை

கூழாங்குறிச்சிக்காரர்களுக்கு மூளை இல்லை என்று சுற்றுப்பட்டு ஊர்களில் சொல்வார்கள். அது பொறாமையில் சொல்வது. மூளை எல்லோருக்கும் இருந்தது. யாரும் எடுத்துச் செலவழிக்காததால் புதுசு கலையாமல் அப்படியே இருந்தது, அவ்வளவுதான்.

அந்த ஊரில் ஏகாம்பரம், தாண்டவமூர்த்தி, கனகசபை என்று மூன்று அண்ணன் தம்பிகள் ஒரே வீட்டில் இருந்தார்கள். நடுவில் பிறந்த தாண்டவமூர்த்திக்கு வீட்டில் ‘இன்ஜினியர்’ என்று பெயர். ஒருமுறை கரண்ட் போனபோது அவர் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருக, அதே நேரத்தில் தெரு முழுக்கக் கரண்ட் வந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தத் தெருவில் எந்த மிஷினும் அவரைக் கேட்காமல் ரிப்பேர் ஆவதில்லை.

கூடத்தில் பெரிய டி.வி. இருந்தது. அதோடு சேர்த்து ஒரு கம்ப்யூட்டர். சினிமா, பாட்டு, வீட்டு விசேஷ வீடியோ எல்லாம் அதற்குள்தான். வெள்ளிக்கிழமைதோறும் தாண்டவமூர்த்தி அதைத் துடைத்துப் பொட்டு வைப்பார். மற்ற பராமரிப்பு எதுவும் அவருக்குத் தெரியாது.

அப்போது வீட்டில் ஒரு பெரிய பிரச்சினை ஓடிக்கொண்டிருந்தது. தங்கை வடிவின் குழந்தைக்குக் காதுகுத்து நடந்தது. அன்றைக்குத் தன் அண்ணன் மாசிலாமணிக்கு வாசலில் சந்தனம் கொடுக்கவில்லை என்று வடிவின் மாமியார் அஞ்சுகம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். அதோடு வடிவிடம் பேச்சு நின்றது. சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் நின்ற கனகசபையோ, கொடுத்தேன் என்று சத்தியம் செய்தார். மாசிலாமணியையே கேட்டால், தான் அப்போது ரொம்பப் பக்கத்தில் நின்றதால் சரியாகத் தெரியவில்லை என்றார்.

சாட்சி வீடியோ ஒன்றுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்து பார்ப்பது என்று ஏற்பாடு. “சின்னண்ணே, என் வாழ்க்கை உன் கையிலதான் இருக்கு” என்று வடிவு போனில் சொன்னாள். தாண்டவமூர்த்தி உடனே தன் கையைத் திருப்பிப் பார்த்தார். கழுவிக்கொண்டும் வந்தார்.

வீடியோக்காரர் பென் டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தார். கம்ப்யூட்டரில் ஏற்றப் போனால், ‘இடம் போதவில்லை’ என்று திரையில் எழுத்து வந்தது. பென் டிரைவிலிருந்தே பார்த்துக்கொள்ளலாமே என்று கூழாங்குறிச்சியில் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

“இடம் கேக்குதுடா” என்றார் ஏகாம்பரம். கேட்டதில் தப்பில்லை என்று மூவரும் ஒத்துக்கொண்டார்கள். கூடம் நெருக்கடியாகத்தான் இருந்தது. சோபாவைத் தூக்கி வாசலில் போட்டார்கள். பீரோவைச் சமையலறைக்குத் தள்ளினார்கள். கனகசபை தன் கட்டிலைக்கூட மனமில்லாமல் விட்டுக்கொடுத்தார். கம்ப்யூட்டரைச் சுற்றி ஆள் படுத்துப் புரளும் அளவுக்கு இடம் ஆனது. மறுபடி ஏற்றினால் மறுபடியும் அதே எழுத்து.

“கொடுக்கக் கொடுக்க ஆசை ஜாஸ்தியாகுது” என்று ஏகாம்பரம் அதை முறைத்தார்.

தாண்டவமூர்த்தி டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் இருதயராஜுக்குப் போன் போட்டார். அவர் ஏதோ வேலையாக இருந்தார். பெரிய பெரிய படமாகப் பார்த்து ஒன்றிரண்டை எடுத்துவிடுங்கள், இடம் வந்துவிடும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

வீட்டில் இருந்ததிலேயே பெரிய படம் தாத்தா படம். மூவரும் சேர்ந்து அதைச் சுவரிலிருந்து இறக்கினார்கள். ஏகாம்பரம் கன்னத்தில் போட்டுக்கொண்டு தாத்தாவிடம் மன்னிப்புக் கேட்டார். அடுத்த பெரிய படம் மகாலட்சுமி. அவளைத் தொட யாருக்கும் தைரியம் வரவில்லை. தாத்தா போயும் இடம் வரவில்லை. நேரிலேயே போய்க் கேட்டுவிடுவது என்று மூவரும் பஸ் ஏறினார்கள்.

இருதயராஜ் நல்ல மனுஷன். விஷயத்தைக் கேட்டு, தனியாக ஒரு டிஸ்க் வாங்கிக்கொண்டால் தீர்ந்தது என்றார். பிறகு வழக்கமாக எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டார்.

“இப்ப வீட்டுல எவ்வளவு டி.பி. இருக்கு?”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாருக்கும் இல்லை என்று தாண்டவமூர்த்தி மெதுவாகச் சொன்னார்.

“அப்ப ரெண்டு டி.பி. எடுத்துக்கங்க. நாலு டி.பி.ன்னா இன்னும் நல்லது. உங்க பிள்ளைங்க காலம் வரைக்கும் வரும்.”

ஏகாம்பரத்துக்கு அந்த இடத்திலேயே இருமல் வந்தது. மூவரும் வெளியே வந்து டீக்கடை ஓரம் நின்றார்கள்.

“அவன் சிரிச்சுக்கிட்டே சொன்னதைப் பாத்தியா?” என்றார் ஏகாம்பரம். “ரெண்டு பேருக்காம். மூணு பேருல எந்த ரெண்டு பேரு?”

“நாலுன்னா நல்லதுங்கிறாரேண்ணே” என்றார் கனகசபை. “நாலாவது ஆளு வடிவா இருக்குமோ?”

தாண்டவமூர்த்திக்குக் கண்ணீர் முட்டியது. தங்கை வாழ்க்கையைக் காப்பாற்ற வந்த இடத்தில் குடும்பத்துக்கே காசநோய் என்றால் எந்த மனுஷன் தாங்குவான்? அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் மூவரும் நெஞ்சைக் காட்டி எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார்கள். ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகும், இரண்டு பேருக்காவது இருக்க வேண்டுமே என்று கனகசபை திரும்பத் திரும்பக் கேட்டார். டாக்டர் மணியடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எக்ஸ்ரேக்களைக் கொண்டுபோய் இருதயராஜின் மேஜையில் விரித்தார் தாண்டவமூர்த்தி. “எங்க குடும்பத்துக்கு அது கிடையாது. நல்லாப் பாத்துக்கங்க.”

இருதயராஜ் எக்ஸ்ரேக்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் முகம் தெளிந்து, டி.பி. என்பது டிஸ்க்கின் கொள்ளளவு என்றும், அண்டாவுக்கு லிட்டர் போல என்றும் பொறுமையாக விளக்கினார். மூவருக்கும் உயிர் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஏகாம்பரம் நாலு டி.பி.க்கே சம்மதித்தார்.

“சுத்துற டிஸ்க்கா, சுத்தாததா?” என்று கேட்டார் இருதயராஜ்.

“சுத்தாததே குடுங்க. எங்க வீட்டுல கனகசபை சுத்துறதே போதும்” என்றார் ஏகாம்பரம்.

“உள்ளே மாட்டுறதா, வெளியே மாட்டுறதா?”

இதற்கு ஏகாம்பரம் கொஞ்சம் கோபப்பட்டார். உள்ளே இடமில்லை என்றுதானே பஸ் ஏறி வந்திருக்கிறோம், உள்ளே இன்னொன்றை எங்கே வைப்பது என்று கேட்டார். அதுவும் சரிதான் என்றார் இருதயராஜ். வெளியே மாட்டுவதையே கொடுத்து, சூடு ஏறாமல் காற்றோட்டமாக வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வெளியே காற்று வரும் இடம் வாசலில் இருந்த முருங்கை மரம்தான். தாண்டவமூர்த்தி டிஸ்க்கை ஒரு பூக்கூடையில் வைத்துக் கிளையில் மாட்டினார். அதன் ஒயர் ஒரு முழம்கூட இல்லை. மரத்தை உள்ளே கொண்டுபோகலாமா என்று கனகசபை கேட்டார். பிடுங்கினால் காய்ப்பு நின்றுவிடும் என்று ஏகாம்பரம் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் கம்ப்யூட்டரை வெளியே கொண்டுவந்து மரத்தடியில் வைத்தார்கள். கம்ப்யூட்டர் வந்ததால் டி.வி.யும் வந்தது. ஜன்னல் வழியாகக் கரண்ட் இழுத்துக் கொடுத்தார்கள்.

பென் டிரைவைச் செருகினார்கள். காதுகுத்து வீடியோ மளமளவென்று ஏறியது. இடம் போதவில்லை என்ற பேச்சே இல்லை. தாண்டவமூர்த்தி முருங்கை மரத்தைத் தொட்டுக் கும்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வடிவு குழந்தையோடு வந்தாள். பின்னால் அஞ்சுகமும் மாசிலாமணியும். டி.வி. தெருவில் இருப்பதைப் பற்றி அவர்கள் எதுவும் கேட்கவில்லை. அவர்களும் கூழாங்குறிச்சிக்குப் பக்கத்து ஊர்தான். வாசலில் கிடந்த சோபாவில் சம்பந்திகள் உட்கார்ந்தார்கள். தெரு ஜனம் சுற்றி நின்றது. அஞ்சுகம் இன்னும் வடிவின் பக்கம் திரும்பவில்லை. தாண்டவமூர்த்தி வேர்த்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வீடியோவை ஓட விட்டார்.

பந்தல் வந்தது. மேளக்காரர்கள் வந்தார்கள். வாசலில் மாசிலாமணி வந்தார். அதே நேரம் கேமராவுக்கு முன்னால் கனகசபையின் முதுகு வந்தது. சந்தனக் கிண்ணம், மாசிலாமணி, கனகசபையின் கை எல்லாமே அந்த முதுகுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன.

“தம்பி, மறைக்குது. கொஞ்சம் தள்ளுங்க” என்றார் அஞ்சுகம்.

கனகசபை மரியாதையாக நாற்காலியோடு தள்ளிப் போனார். முதுகு தள்ளவில்லை. இன்னும் தள்ளச் சொன்னார்கள். தெருமுனைக்கே போய் நின்று கையை ஆட்டினார். திரையில் முதுகு இருந்த இடத்திலேயே இருந்தது. தாண்டவமூர்த்தி வீடியோவை அங்கேயே நிறுத்தினார்.

அஞ்சுகம் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார். வடிவின் முகம் சுண்டிப் போயிற்று. தாண்டவமூர்த்தி தங்கையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குள் ஏதோ பளிச்சென்று எரிந்தது.

“சம்பந்தியம்மா, கோவிச்சுக்காதீங்க. இது முதுகுப் பக்கம். நாம தப்பான பக்கத்துல உக்காந்திருக்கோம். டி.வி.க்கு அந்தப் பக்கமாப் போய்ப் பாருங்க, முன்பக்கம் தெரியும்.”

இதில் மறுக்க என்ன இருக்கிறது என்பதுபோல ஏகாம்பரம் தலையாட்டினார். அஞ்சுகம் சுற்றிக்கொண்டு டி.வி.யின் பின்னால் போனார். குனிந்து, காற்று போகும் ஓட்டையில் ஒரு கண்ணை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

நிமிர்ந்து வந்தார். “குடுத்திருக்காங்க” என்றார். “கல்கண்டுகூடக் குடுத்திருக்காங்க.” பிறகு வடிவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். தாண்டவமூர்த்தியும் அழுதார்.

மாசிலாமணியும் ஒரு நடை பின்னால் போய், ஓட்டைக்குள் தெரிந்த மெல்லிய ஒயரைப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் முகம் வாடியிருந்தது.

“சந்தனமெல்லாம் சரிதான்” என்றார் வருத்தத்தோடு. “ஆனா நான் ரொம்ப இளைச்சுட்டேன்.”