தெய்வசிகாமணி அண்ணன் பிளேனுக்கு டியூனிங் பார்த்த கதை

ஒரு நாளு பல்லு வெளக்காமக்கூட இருந்துருவாரு, புளுகாம இருக்க மாட்டாருங்க எங்க தெய்வசிகாமணி அண்ணன். ஆனா அன்னிக்கு என்ர பேக்கரியில உக்காந்து அவரு புளுகுனது பொழுது போறதுக்காக இல்லை. அவரு கட்டுன ஏரோப்பிளேனுக்குக் கெடு வச்சிருந்தாங்க.

வெவரத்தைச் சொல்லிடறேன். அண்ணன் சூலூர்ல இன்ஜின் போரிங் பட்டறை வச்சிருந்தவரு. பட்டறையைப் பையன் கையில குடுத்துட்டு, தோட்டத்து ஷெட்டுல சொந்தமா ஒரு பிளேன் கட்டினாரு. ரெண்டு பேரு உக்கார்ற மாதிரி சின்னது. றெக்கை இருக்குது, வாலு இருக்குது, மூக்குல காத்தாடி இருக்குது. பறக்கறது ஒண்ணுதான் பாக்கி. ஷெட்டு இருக்குதே, அது அவரு சம்சாரம் செல்வநாயகி அக்காளுக்குப் பொறந்த வீட்டுப் பங்குல வந்தது. அக்காளோட தம்பி குப்புராஜ் அதுல விசைத்தறி இறக்கணும்னு ரொம்ப நாளா அரிச்சுக்கிட்டு இருக்கறான். பறக்காத பிளேனுக்கு எதுக்குடா ஷெட்டுன்னு அக்காளுக்கும் தோணிப்போச்சு. அன்னிக்குக் காலையில அண்ணன் மொகத்துக்கு நேராவே கேட்டிருக்கறாங்க. அண்ணன் கொஞ்சங்கூட யோசிக்காம, போன ஞாயித்துக்கிழமையே பறந்துருச்சே அம்முணின்னு சொல்லிட்டாரு. சரி, என்ர தம்பி நம்பினா நானும் நம்பறேன், இல்லைன்னா நாளைக்கே தறி வருதுன்னு அக்கா முடிவாச் சொல்லிட்டாங்க.

அதனால குப்புராஜ் அளவு டேப்போடயே வந்து எங்க கடையில உக்காந்திருந்தான். கூடவே லேத் பட்டறை சென்னியப்பன். மெசின் சமாச்சாரத்துல அவனை ஏமாத்த முடியாதுன்னு குப்புராஜே கூட்டிக்கிட்டு வந்திருந்தான். அண்ணன் ஒரு டீயை வாங்கி ஆத்தாம குடிச்சுட்டு ஆரம்பிச்சாரு.

இன்ஜின் பழைய ஜப்பான் காருல இருந்து கழட்டுனது. ரோட்டரி இன்ஜின்னு பேரு. பிஸ்டன் மேலயும் கீழயும் போயிட்டு வர்ற வேலையெல்லாம் அதுல கெடையாது. அண்ணன் என்ர ஷோகேஸ்ல இருந்து ஒரு சமோசாவை எடுத்து, காலி கிளாசுக்குள்ள விட்டுச் சுத்திக் காட்டினாரு. இதே மூணு மூலை, இதே சுத்து, இவ்வளவுதான் மாப்ள இன்ஜினுன்னாரு. சமோசாவுக்குக் காசு கேட்டேன். பாடம் சொல்லிக் குடுக்கறவங்கிட்டக் காசு கேப்பியாடான்னு என்னையே திருப்பிக் கேட்டுட்டு அதைத் தின்னு போட்டாரு.

கார்புரேட்டரும் அதுல இல்லையாமா. எவ்வளவு பெட்ரோல் பீச்சணும்னு ஒரு கம்ப்யூட்டர் சொல்லும். அந்தக் கம்ப்யூட்டருக்கு நாம சொல்லணும். லேப்டாப்புல தாயக்கட்டமாட்டம் கட்டங் கட்டமா இருக்கும், இன்ன வேகத்துக்கு இத்தனை, இன்ன காத்தழுத்தத்துக்கு இத்தனைன்னு ஒவ்வொண்ணுலயும் ஒரு நம்பர் போடணும். அதுதான் டியூனிங். நம்பர் ஏறிப்போச்சுன்னா கறும்புகை. கொறைஞ்சு போச்சுன்னா இன்ஜின் இருமிட்டு நின்னுரும். அண்ணன் பிளேன் இருமி ஊரே கேட்டிருக்குது, ஓடி ஒருத்தரும் கேட்டதில்லை.

மொதல்ல கொஞ்சம் ஏத்தித்தான் வச்சேன்னாரு அண்ணன். ஸ்டார்ட் பண்ணின ஒடனே வந்த புகையில பக்கத்துத் தோட்டத்துக் கொடியில காஞ்ச வேட்டி அத்தனையும் கன்னங்கரேல்னு ஆயிப்போச்சு. வேற வழியில்லாம அந்த வருசம் அந்த வீட்டு ஆம்பளைங்க மொத்தப் பேரும் சபரிமலைக்கு மாலை போட்டுக்கிட்டாங்க. அவங்க மாலை போட்டதென்னமோ நெசந்தான். நான் தலையாட்டிட்டேன். குப்புராஜ் என்னை மொறைச்சான்.

அப்புறம் அண்ணன் நம்பரைக் கொறைக்க ஆரம்பிச்சாரு. இத்தினியூண்டு கொறைச்சதும் இன்ஜின் தங்கமா ஓடுச்சாமா. இன்னும் கொறைச்சாரு, இன்னும் தங்கமா ஓடுச்சு. கடைசியில டேங்க் மூடியைத் தொறந்து வச்சுட்டு, பிளேன் மூக்கைப் பெட்ரோல் பங்க் இருக்கற தெசைப் பக்கம் திருப்பி நிறுத்தினாப் போதும்னு ஆயிருச்சு. அந்த வாசத்துலயே அரை நாளு ஓடுச்சாமா. கிழக்குக் காத்து அடிச்சா மட்டும் கொஞ்சம் திணறுமாம், அந்தப் பக்கம் பங்க் இல்லை.

வேகம் எப்படின்னு நான்தான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காமக் கேட்டுப்போட்டேன். வேகத்துக்குத் தடையா இருந்ததே வால்வுதான்டா, அதைத் தேச்சுத் தேச்சு என்ர கையே தேஞ்சு போச்சுன்னாரு. அதுக்குத்தான் சென்னியப்பன் காத்துக்கிட்டு இருந்தான். ரோட்டரி இன்ஜின்ல வால்வே கெடையாதுங்களேண்ணான்னு மெதுவாக் கேட்டான். குப்புராஜ் டேப்பை எடுத்துக்கிட்டு எந்திரிச்சே நின்னுட்டான்.

அண்ணன் அசரலை. "இப்பக் கெடையாது. தேச்சும் சரிப்படலைன்னு நான் கழட்டி வீசுனேன். அதைக் கேள்விப்பட்டுத்தான் ஜப்பான்காரன் முன்தேதி போட்டு வால்வில்லாமயே செஞ்சு வச்சிருக்கறான்" அப்படின்னாரு.

குப்புராஜ் மறுபடியும் உக்காந்துட்டான். சென்னியப்பன் அந்த முன்தேதியை வெரல் விட்டு எண்ணிப் பாத்தான்.

சரி மாமா, பறந்ததை யாரு பாத்தாங்கன்னு குப்புராஜ் மடக்கினான். அண்ணன் சிரிச்சாரு. ஞாயித்துக்கிழமை மத்தியானம், ஊரே கறிச்சோறு தின்னுட்டு மல்லாந்து கெடக்கற நேரம், உங்க அக்கா அவிநாசிக்கு விசேசத்துக்குப் போயிருந்தா, அப்பப் பறந்தேன். நீயெல்லாம் எந்திரிச்சு வந்து பாக்கலைன்னா அது என்ர தப்பா மாப்ளன்னாரு. எங்க மூணு பேருக்கும் அந்த நேரத்துல நாங்க எங்க கெடந்தோம்னு தெரியும்.

தென்னந்தோப்புத் தடத்துல நாலு மரந் தாண்டறதுக்குள்ள பிளேன் மேல ஏறிருச்சாமா. மேல போகப் போகக் காத்து கம்மி. காத்து கம்மியானாப் பெட்ரோலும் கம்மியாகணும். லேப்டாப்பு மடி மேல இருக்குது. இடது கையில பிளேனை ஓட்டிக்கிட்டே வலது கையில நம்பரை மாத்திக்கிட்டே போறாரு. ஒசரத்துக்குப் போனப்பப் பாத்தா கட்டமே தீந்து போச்சு. இதுக்கு மேல ஒருத்தனும் போனதில்லைன்னு செஞ்சவன் அத்தோட விட்டுட்டான் போலன்னாரு. இவரா கோடு போட்டுப் புதுசா ரெண்டு வரிசை சேத்தினாராம்.

அப்படியே பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் போயிருக்கறாரு. அங்க மேகம் அடைச்சுக்கிட்டு நிக்குது. இன்ஜின் காத்தோட சேத்து மேகத்தையும் உறிஞ்ச ஆரம்பிச்சுருச்சு. சாதாரண டியூனிங்கா இருந்தா அணைஞ்சு போயிருக்கும். இவரு நம்பர்ல ஒரே ஒரு புள்ளியைத் தள்ளி வச்சாராம், மேகத்தையும் பெட்ரோலையும் இன்ஜினே பிரிச்சுப் பாத்து எடுத்துக்கிச்சாம். பெட்ரோலை எரிச்சுட்டு மேகத்தைப் பின்னால சைலன்சர் வழியா விட்டுக்கிட்டே வந்துருக்குது. அந்தச் சைலன்சரு சும்மாவே தணலாட்டம் செவந்து கெடக்கும். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நம்ம கண்ணம்பாளையத்துல மழை பேஞ்சுச்சா இல்லையா? தொட்டுப் பாத்தீங்களாடா? வெந்நி" அப்படின்னாரு.

மழை பேஞ்சது வாஸ்தவம். தொட்டுப் பாக்காமப் போயிட்டமேன்னு எனக்கே ஒரு நிமிசம் வருத்தமாப் போச்சுங்க.

திரும்பி வர்ற வழியில பாத்தா டேங்குல பெட்ரோல் ஏறிக்கிட்டே வருதாம். போறப்பக் கால் டேங்க், வர்றப்ப அரை டேங்க். அவ்வளவு சிக்கனமாக் கொறைச்சு வச்சதுல, கணக்குச் சைபருக்குக் கீழ போயி, இன்ஜின் பெட்ரோலை எரிக்கறதுக்குப் பதிலா உற்பத்தி பண்ண ஆரம்பிச்சுருச்சு. வழிஞ்சா ஆபத்துன்னு பயந்துக்கிட்டு நம்பரைத் தூக்கி வைக்கலாம்னு லேப்டாப்பைப் பாக்கறாரு, சார்ஜ் தீந்து ஸ்கிரீன் கறுத்துப் போச்சு.

குப்புராஜ் டீயை மறந்துட்டான். அப்புறம் என்ன மாமா பண்ணினீங்கன்னு அவன் வாயில இருந்தே வந்துருச்சு.

அப்பப் பாத்து பம்பாய்ல இருந்து வர்ற பெரிய பிளேன் கோயமுத்தூர்ல எறங்கறதுக்காகத் தாழ்ந்து வருதாம். அண்ணன் பக்கத்துல கொண்டுபோயி ஜன்னலைத் தட்டியிருக்கறாரு. உள்ள ஜன்னலோரத்துல திருப்பூர் பனியன்காரர் ஒருத்தர் உக்காந்திருந்தாராம். வெவரம் சொன்னதும் நல்ல மனுசன், சார்ஜரை அவரு சீட்டுக்குக் கீழயே சொருகி வயரை வெளிய நீட்டுனாராம். வயரு நீளம் பத்தலை. அதனால ரெண்டு பிளேனும் ஒட்டி ஒட்டிப் பீளமேடு ஏர்போர்ட் வரைக்கும் வந்துச்சாம்.

பிளேன் ஜன்னல் தொறக்காதுங்களேன்னு சென்னியப்பன் ஆரம்பிச்சான்.

"தெரிஞ்சவங்களுக்குத் தொறப்பாங்கடா."

சென்னியப்பன் கடைசியா ஒண்ணைப் புடிச்சான். தோப்புத் தடத்துல டயர் அச்சு ஒண்ணையும் காணோமேன்னான். எறங்கறப்ப ஏறின அச்சு மேலயே அச்சுப் பொருந்தி எறங்குனேன், சாயங்காலம் மழை வந்து ரெண்டையும் சேத்து அழிச்சுருச்சு, அந்த மழையும் நான் பேய வச்சதுதான்னு அண்ணன் கையை உதறிக்கிட்டாரு. சென்னியப்பன் கையெடுத்துக் கும்பிட்டான். குப்புராஜ் அளவு டேப்பைச் சட்டைப் பையில போட்டுட்டான். நம்பிட்டானான்னு தெரியலை, ஆனா மேல கேக்கறதுக்கு அவங்கிட்ட ஒண்ணும் இல்லை. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசமா இருந்துச்சு. மனுசன் அத்தனை வருசம் ஆசை ஆசையாச் செஞ்ச பிளேனுங்க அது. தறிக்காரன் எடுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுட்டான்னா அண்ணன் தாங்க மாட்டாரு.

அப்பத்தான் பின்னால திரும்பிப் பாத்தேன். செல்வநாயகி அக்கா ஸ்கூட்டியை நிறுத்திட்டு ரொட்டி அடுக்குற ரேக்குகிட்ட நின்னுக்கிட்டு இருந்தாங்க. எப்ப வந்தாங்கன்னு யாருக்கும் தெரியலை. ஒரு பாக்கெட் வரிக்கி எடுத்துக் கல்லா மேல வச்சாங்க. குரல்ல கோவமே இல்லை.

"கோழிக்குத் தீனி வச்சுட்டு நேரா ஷெட்டுல இருந்துதான் வர்றனுங்க. ரெண்டு வாரமா அந்தப் பிளேன் சீட்டுல என்ர கறுப்புக் கோழி அடை உக்காந்திருக்குது. ஒரு முட்டை நகரலை. நீங்க எது மேல உக்காந்துட்டுப் பறந்தீங்க?"

அண்ணன் மொகத்தைப் பாக்க எனக்கே சங்கடமா இருந்துச்சு. வாயைத் தொறந்தாரு, மூடுனாரு. அவருக்குப் பேச்சு வராம நான் பாத்ததே அன்னிக்குத்தான். குப்புராஜ் பையில போட்ட டேப்பை மறுபடியும் வெளிய எடுத்தான். நாளைக்குக் காலையில லாரி சொல்லிடறேன் அக்கான்னான். சொல்லிக்கன்னு அக்கா தலையாட்டுனாங்க.

அண்ணன் மெதுவா எந்திரிச்சாரு. "தாராளமா இறக்கிக்க மாப்ள. ஆனா தறி போடற சத்தத்துல கோழி அரை நிமிசம் உக்காராது, முட்டை அத்தனையும் கூமுட்டையாப் போயிரும். எனக்குப் பக்கத்து சீட்டே போதும்னு நான் ஓரமா ஒண்டிக்கிட்டேன், பாலக்காடு போயிட்டுத் திரும்பி வந்தேன், அந்தக் கோழி கண்ணு முழிச்சுக்கூடப் பாக்கலை. இதுக்கு மேல டியூனிங்னா வேற என்ன அம்முணி?"

அக்கா கல்லா மேல வச்ச வரிக்கி பாக்கெட்டைத் திரும்பக் கையில எடுத்தாங்க. அந்தக் கோழி மேல அக்காளுக்கு உசுரு. அண்ணன் சொன்னதுல பாலக்காடு பொய்யி, பக்கத்து சீட்டு பொய்யி, ஆனா தறிச் சத்தத்துக்குக் கோழி எந்திரிச்சு ஓடும்கறது நெசம். அது அக்காளுக்குத் தெரியும், குப்புராஜுக்கும் தெரியும். கொஞ்ச நேரத்துல அக்காளுக்குச் சிரிப்பு வந்துருச்சு, மொகத்தைத் திருப்பிக்கிட்டாங்க.

குஞ்சு பொரிச்சு எறங்கி நடக்கற வரைக்கும் ஷெட்டுல தறி வராதுன்னு தம்பிகிட்டச் சொன்னாங்க. குப்புராஜ் என்னமோ சொல்ல வந்தான், அக்கா பாத்த பார்வையில விட்டுட்டான். ஸ்கூட்டியில ஏறி உக்காந்ததுக்கப்புறம் அண்ணன் பக்கம் திரும்பினாங்க.

"உங்களுக்குந்தான் சொல்றேன். அது வரைக்கும் நீங்களும் அந்த இன்ஜினைத் தொடக்கூடாது."

"எதுக்குத் தொடறேன்? டியூனிங்தான் முடிஞ்சு போச்சே" அப்படின்னுட்டு அண்ணன் இன்னொரு டீ சொன்னாரு.