பன்னிரண்டாவது மெஷின்

“வாத்தியாரம்மா, இந்தப் பயம் எப்போ என்னை விட்டுப் போகும்?”

கேட்டவர் செபமாலை. வயது ஐம்பத்திரண்டு. வாத்தியாரம்மா ரூபவதிக்கு முப்பத்தாறு. தன்னைவிட வயதில் மூத்த குருதான் வேண்டும் என்று நினைப்பவர் கோத்தகிரியில் மரம் அறுக்கும் மெஷின் ரிப்பேர் கற்றுக்கொள்ள முடியாது. அங்கே அதற்கு இருப்பது அவள் கடை ஒன்றுதான்.

அதுவும் பழைய மெஷின்கள் மட்டும். ஐம்பது வருஷம், அறுபது வருஷம் ஆனவை. எஸ்டேட்டை விற்றுவிட்டுப் போன துரைமார் ஷெட்டில் போட்டுவிட்டுப் போனவை. துருவும் எலிப்புழுக்கையுமாக வந்து சேரும்.

ரூபவதி கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“எங்கே இருக்கு அந்தப் பயம்?”

“எல்லா இடத்துலயும். முக்கியமா கையில.”

கையை நீட்டிக் காட்டினார். நடுங்கிக்கொண்டிருந்தது.

“அது போற அன்னைக்கு முதல்ல எனக்குச் சொல்லுங்கண்ணே,” என்றாள் ரூபவதி.

அவ்வளவுதான் பதில். செபமாலைக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

*

செபமாலை பிறவிக் கோழை இல்லை. பதினைந்து வருஷம் சில்வர் ஓக் மரம் அறுத்தவர். மாசிலாமணி என்ற கூட்டாளியோடு மலை மலையாகச் சுற்றியவர்.

ஒரு நாள் மெஷின் மாசிலாமணி கையிலிருந்து துள்ளியது. இப்போது வருகிற மெஷின்களில் கைக்கு முன்னால் ஒரு பிரேக் இருக்கும். துள்ளினால் செயின் நின்றுவிடும். பழசில் அது கிடையாது. அது துள்ளினால் நேரே கழுத்துக்குத்தான் வரும்.

வந்தது.

அந்த மெஷினின் பல்லை முந்தின நாள் அரம் போட்டுத் தீட்டியவர் செபமாலை. பல்லுக்கு முன்னால் இருக்கும் சின்னத் தடையையும் சேர்த்து ராவிவிட்டார். அது தாழ்ந்தால் மெஷின் வேகமாக அறுக்கும். வேகமாகத் துள்ளவும் செய்யும். வேகமாக அறுக்கட்டுமே என்றுதான் ராவினார்.

போலீஸ் விபத்து என்று எழுதிக்கொண்டது. மாசிலாமணியின் பெண்சாதிகூட அவரைக் குறை சொல்லவில்லை. யாராவது இரண்டு அறை விட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

அதற்குப் பிறகு ஓடுகிற மெஷினை அவர் தொட்டதில்லை. ஓடாத மெஷின் என்றால் தொடுவார். அப்படித்தான் ரூபவதி கடைக்கு வந்து சேர்ந்தார்.

*

அந்தக் கடையில் ஒரு வழக்கம். ரிப்பேரான மெஷின் எதுவும் அப்படியே வாசல் தாண்டாது. முற்றத்தில் ஒரு பெரிய மரத்துண்டு கிடக்கும். அதில் ஒரு வில்லை அறுத்துக் காட்ட வேண்டும். அந்த வில்லையையும் கையில் கொடுத்துத்தான் சொந்தக்காரரை அனுப்புவார்கள்.

அறுப்பது ரூபவதி. செபமாலை ரிப்பேர் செய்த மெஷினாக இருந்தாலும் அவள்தான் அறுப்பாள்.

அங்கேதான் செபமாலைக்கு உயிர் போய் உயிர் வரும்.

மெஷினை முற்றத்துக்குத் தூக்கி வருவார். கை ஆடுகிற ஆட்டத்தில் செயின் கிலுகிலுவென்று சத்தம் போடும். மரத்துண்டின் மேல் வைத்துவிட்டுச் சுவர் ஓரமாகப் போய் நின்றுகொள்வார். ரூபவதி மெஷினின் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுப்பாள். மெஷின் உறுமும். அவர் கண்ணுக்கு அவள் கழுத்து மட்டும்தான் தெரியும். அதில் ஒரு மெல்லிய கறுப்புக் கயிறு கட்டியிருப்பாள். அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

‘மாதாவே, ஸ்குரூ எல்லாம் முடுக்கினேனா?’

முடுக்கியிருப்பார். ஒரு தடவை இல்லை, ஏழு தடவை. செயினை இணைக்கிற இடத்தில் இரண்டு ரிவிட் உண்டு. சுத்தியலால் தலையைத் தட்டி அகலப்படுத்த வேண்டும். தட்டுவார். லென்ஸ் வைத்துப் பார்ப்பார். நகத்தால் நெம்பிப் பார்ப்பார். ஆணியில் மாட்டித் தொங்கி இழுப்பார். டீ குடித்துவிட்டு வந்து முதலிலிருந்து ஆரம்பிப்பார். ரூபவதி இரண்டு நாளில் முடிக்கிற வேலை அவருக்கு ஒரு வாரம் ஆகும்.

வில்லை அறுந்து கீழே விழும். மெஷின் அடங்கும். அவர் சட்டை நனைந்திருக்கும்.

“என்னால முடியல வாத்தியாரம்மா. வேற வேலைக்குப் போயிடறேன்.”

“அடுத்த மெஷின் வந்திருக்கு பாருங்க,” என்பாள்.

இப்படி ஒன்று, இரண்டு என்று பதினொரு மெஷின்கள். பதினொன்றும் நன்றாக ஓடின. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

*

பன்னிரண்டாவது மெஷின் போஜன் என்ற தோட்டக்காரருடையது. அவர் தாத்தா காலத்துச் சாமான். பத்துக் கிலோ எடை. காற்றில் சாய்ந்த மரம் ஒன்று அவர் தேயிலைப் பாதையில் குறுக்கே கிடக்கிறது. மழைக்கு முன்னால் எடுத்தாக வேண்டும்.

செபமாலை மூன்றே நாளில் முடித்துவிட்டார்.

மத்தியானம் போஜன் ஜீப்பை நிறுத்திவிட்டு முற்றத்தில் வந்து நின்றார். செபமாலை மெஷினைத் தூக்கி வந்தார். மரத்துண்டின் மேல் வைத்தார். சுவர் ஓரம் போகவில்லை. அங்கேயே இடுப்பில் கை வைத்து நின்றார்.

ரூபவதி கயிற்றைப் பிடித்தாள்.

“வாத்தியாரம்மா, சொல்லச் சொன்னீங்களே. போயிடுச்சு.”

“என்னது?”

“பயம்தான். காலையில டீ குடிக்கும்போது கவனிச்சேன். கையைப் பாருங்க.”

நீட்டினார். கை கல்லுப் போல நின்றது.

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எத்தனை வருஷத்துப் பாரம். இன்றைக்கு இவள் வாயால் ஒரு நல்ல வார்த்தை வரப்போகிறது என்று நினைத்தார்.

ரூபவதி கயிற்றை விட்டாள்.

அவள் முகம் வெளிறியிருந்தது. அந்த முகத்தில் பயத்தைச் செபமாலை பார்த்ததே இல்லை. பார்த்ததும் அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

“என்னம்மா?”

பிளக் வயரைப் பிடுங்கிவிட்டாள். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். துணியைச் சுற்றிய விரலால் செயினை ஒவ்வொரு கண்ணியாகத் தள்ளினாள். ஒவ்வொன்றையும் நகத்தால் நெம்பினாள்.

“நேரமாகுதும்மா, மேகம் கட்டுது,” என்றார் போஜன்.

அவள் தள்ளிக்கொண்டே இருந்தாள். செபமாலையும் குனிந்து பார்த்தார். எதைத் தேடுகிறாள் என்று அவருக்குப் புரியவில்லை.

ஒரு இடத்தில் அவள் விரல் நின்றது.

நகத்தை வைத்துத் தள்ளினாள். ஒரு ரிவிட் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. மிளகு அளவு இரும்பு. அவள் உள்ளங்கையில் உருண்டது.

அதற்குத் தலை தட்டியிருக்கவில்லை.

*

செபமாலைக்கு எல்லாம் நினைவு வந்தது. நேற்று முதல் ரிவிட்டைத் தட்டி முடித்திருந்தார். இரண்டாவதைச் சொருகினார். அப்போதுதான் இந்தப் போஜன் எட்டிப் பார்த்தார்.

“மேஸ்திரி, என் மச்சானுக்கு நீங்க பண்ணிக் குடுத்த மெஷின் இருக்கே, பிரமாதம் போங்க. கோத்தகிரியில உங்க கைக்கு ஈடு கிடையாது.”

மேஸ்திரி என்று அவரை யாரும் கூப்பிட்டதில்லை. சுத்தியலைக் கீழே வைத்தார். அந்த மெஷினை எப்படி உயிர்ப்பித்தார் என்று கால் மணி நேரம் கதை சொன்னார். போஜன் போனதும் செயினை எடுத்து மாட்டிவிட்டார். லென்ஸை எடுக்கவில்லை. எதற்கு எடுக்க வேண்டும்? பதினொன்று ஓடவில்லையா?

கயிறு இழுபட்டிருந்தால் செயின் முழு வேகத்தில் அறுந்திருக்கும். அறுந்த செயின் முன்னால் போகாது. பிடித்திருக்கிறவர் பக்கம்தான் திரும்பி வரும். கையில் விழும். இல்லையென்றால் வயிற்றில்.

“இவ்வளவுதானா? ரெண்டு தட்டு தட்டிக் குடுத்துடுங்க,” என்றார் போஜன்.

“நாளைக்கு வாங்க,” என்றாள் ரூபவதி.

அவர் முணுமுணுத்துக்கொண்டே ஜீப்பை எடுத்துப் போனார்.

செபமாலை மரத்துண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மாசிலாமணியைத் தரையில் கிடத்தியபோது இருந்த அதே குளிர் முதுகில் ஏறியது. ரூபவதியின் கழுத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. பெரியவள் ஆறாவது, சின்னவள் இரண்டாவது படிக்கிறாள். இந்நேரம் யார் போய் அவர்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வருவது என்று ஆகியிருக்கும்.

தரையைப் பார்த்தபடியே கேட்டார்.

“முந்தி நான் பண்ணின பதினொண்ணையும் இப்படித்தான் சோதிச்சுப் பார்த்தீங்களா? எனக்குத் தெரியாம?”

“இல்ல.”

“ஒண்ணையுமா?”

“ஒண்ணையும் திறந்து பார்த்தது கிடையாது.”

“ஐயோ, அப்புறம் எந்தத் தைரியத்துலம்மா கயிறை இழுத்தீங்க?”

ரூபவதி அந்த ரிவிட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“நீங்கதான் பயந்துக்கிட்டு இருந்தீங்களேண்ணே.”